பாரிஸ் நகரத்துப் பரிகாசச் சித்திரங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், பாரிஸ் நகரில், லூவ்ர் அரண்மனைக்குச் சமீபத்தில் இருந்த கோக் செந்த் ஒனோரே என்னும் தெருவில், மார்த்தினே என்பவர் ஒரு சித்திரக் கடை நடத்திவந்தார். அக்கடையின் சாளரக் கண்ணாடிக்குப் பின்னே வரிசையாகத் தொங்கிய வர்ணப் படங்களைப் பார்ப்பதற்காக, சீமான்களும் கூலியாட்களும் தோளோடு தோள் உரச நின்று நகைப்பது அந்நகரத்தின் நித்தியக் காட்சிகளுள் ஒன்றாயிற்று. விலை கொடுத்து வாங்கியவர் சிலரே. வீதியில் நின்று பார்த்தவர் எண்ணிறந்தவர். அரசர்களுடைய முடிசூட்டு விழாக்களையும் போர்க்கள வெற்றிகளையும் பிரம்மாண்டமான சீலைகளில் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர்கள் வாழ்ந்த அதே நகரத்தில், அடுத்த வீட்டுக்காரன் எவ்விதம் தொப்பி அணிந்தான், எவ்விதம் தலை வணங்கினான், எதைக் கண்டு நாணினான், எதற்காகப் பொய் சொன்னான் என்பவற்றையெல்லாம் ஒற்றைத் தாளில் வரைந்து வைத்த கலைஞர்களும் வாழ்ந்தார்கள். முன்னவர்களுடைய படைப்புகள் அந்த யுகத்தின் ஆடம்பரத்தைக் காட்டுகின்றன. அந்த யுகத்து மனிதர்கள் எங்ஙனம் வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புகிறவன் பின்னவர்களிடமே செல்லவேண்டும் என்பது என் துணிபு.

ஆதியில் இவ்வகைப் படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, அச்சிட்டபின் ஒவ்வொரு தாளிலும் கையால் வர்ணம் பூசப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர நாட்கள் கழிந்து, உயிர் தப்பியவர்களும் திடீரென்று பணம் சேர்த்தவர்களும் களியாட்டத்தில் இறங்கிய 1796ஆம் ஆண்டை ஒட்டி, கார்ல் வெர்னே என்ற ஓவியர், மோவாயை மூடும் கழுத்துத்துணியும் காதோரம் தொங்கும் மயிர்க்கற்றையுமாகத் திரிந்த நாகரிக இளைஞர்களையும், அவர்களுக்கேற்ற மெல்லிய உடை அணிந்த மங்கையரையும் வரைந்தார். அடுத்து, முன்பு குருப்பட்டம் பெற்றுத் தத்துவம் போதித்தவரும் பிறகு பெண்களுக்கான நவநாகரிகப் பத்திரிகை ஒன்றை நடத்தியவருமான லா மெஸான்ழேர், 'லே போன் ழான்ர்' என்ற தொடரில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை வெளியிட்டார். பனிக்கூழ்க் கடையில் கூடும் பெண்கள், புதிதாக வந்த வால்ஸ் நடனம், கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் விளையாட்டு, நெப்போலியன் வீழ்ந்த 1814ஆம் ஆண்டுக்குப்பின் கடல் கடந்து பாரிஸைப் பார்க்க வந்த ஆங்கிலேயரின் பொருந்தா உடைகள் முதலியவை இவற்றின் பொருள். வென்றவனை வீதியில் வணங்கவேண்டியிருந்த ஒரு ஜனசமூகம், அவன் மனைவியின் தொப்பியைப் பார்த்துச் சிரிப்பதில் ஆறுதல் கண்டது என்பதை இப்படங்களால் அறிகிறோம். ஆயினும் இவை பெரும்பாலும் மேனியைத் தொட்டு நிற்பவை. ஆடையைக் காட்டினவேயன்றி, ஆடைக்குள் இருந்த மனத்தைக் காட்டும் வல்லமை இன்னும் வரவில்லை.

அவ்வல்லமை வருவதற்கு ஒரு புதிய கருவி துணை செய்தது. பவேரிய நாட்டு மியூனிக் நகரில் அலோயிஸ் செனெபெல்டர் என்ற நாடகாசிரியர், தம் நாடகங்களைச் சொற்பச் செலவில் தாமே அச்சிட்டுக்கொள்ள வழி தேடி அலைந்து, 1798ஆம் ஆண்டளவில் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய இயற்கையே இதன் அடிப்படை. சோல்ன்ஹோபென் என்ற ஊரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மீது கொழுப்புக் கலந்த மைக்கோலால் சித்திரத்தை இடவலம் மாற்றி எழுதி, அமிலமும் வேலம்பிசினும் கலந்த நீரால் பக்குவம் செய்து, கல்லை ஈரமாக்கி, எண்ணெய் மை தோய்ந்த உருளையை அதன்மேல் உருட்டினால், ஈரம் ஏறிய இடங்கள் மையைத் தள்ள, கோடு எழுதிய இடங்கள் மட்டும் ஏற்றுக்கொள்ளும். பிறகு தாளை வைத்து அழுத்தினால் ஓவியனுடைய கையெழுத்து அப்படியே எழுந்துவரும். செப்புத் தகட்டில் வாரக்கணக்கில் செதுக்கவேண்டியதைக் கல்லில் ஒரே இரவில் எழுதிவிடலாம். செதுக்குகிற வேறொருவன் இடையில் வந்து ஓவியனின் கோட்டை மாற்றிவிடும் குறையும் இதில் இல்லை. 1816ஆம் ஆண்டளவில் லாஸ்தேரி, ஏங்கெல்மான் என்ற இருவருடைய முயற்சியால் இத்தொழில் பாரிஸில் வேரூன்றியது. முதியவரான புவாயி என்ற ஓவியர் 1823 முதல் 1828 வரையில் இம்முறையைக் கைக்கொண்டு, மனித முகம் சுளிப்பதும் இளிப்பதும் ஏங்குவதும் எத்தனை விதம் என்று, ஒரு தாளில் நெருக்கமாகப் பல தலைகளை வரைந்து ஒரு தொகுதியே வெளியிட்டார்.

இத்துறையில் அடுத்துத் தோன்றிய இருவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். ஆன்ரி மோனியே என்பவர் இளமையில் நீதி இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே தாம் கண்ட பேனா சீவுதல், பெருமூச்செறிதல், மேலதிகாரி வரும் அரவம் கேட்டதும் காகிதத்தின்மேல் குனிதல் முதலிய கிரியைகளை 1828இல் அலுவலக வாழ்க்கை பற்றிய ஒரு சித்திரத் தொடராக்கினார். எழுத்திலும் நாடக மேடையிலும் வல்லவரான இவரே, பொருளற்ற வாக்கியங்களை மிகுந்த கம்பீரத்தோடு உரைக்கும் ழோசேப் புருதோம் என்ற பாத்திரத்தை 1830இல் சிருஷ்டித்து, பிற்காலத்தில் தாமே அவனாக மேடையில் தோன்றி நடித்தார். மற்றொருவர் நான்சி நகரத்தவரான கிராண்வில். 1829இல் வெளிவந்த இவருடைய தொடரில், அக்கால உடை அணிந்த மனித உடல்களின்மேல் விலங்கு பறவைகளின் தலைகள் அமர்ந்து, விருந்துண்டும் காதல் பேசியும் கணக்கெழுதியும் காட்சி தருகின்றன. பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பின்னர் 1838இல் கிராண்வில், பிரெஞ்சுக் கவிஞர் லா போந்தேனுடைய நீதிக்கதைகளுக்குப் படம் எழுதினார். அந்த லா போந்தேனோ, தம் கதைகளிற் பலவற்றுக்கு இந்திய ஞானி பில்பேக்குக் கடன்பட்டவன் என்று 1678ஆம் ஆண்டிலேயே நன்றியோடு எழுதியவர். பில்பேயின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கியவை நம் பஞ்சதந்திரக் கதைகளின் வழிவந்தவையே.

இனி, இந்தக் கலை முழு வளர்ச்சி பெற்ற வரலாற்றுக்கு வருவோம். 1830 ஜூலையில் நடந்த மூன்று நாள் புரட்சியால் பழைய அரசவம்சம் நீங்கி, லூயி பிலிப் சிங்காசனம் ஏறினார். குடைபிடித்து வீதியில் நடக்கும் குடிமகனைப்போலக் காட்சியளித்த அவ்வரசருடைய ஆட்சி, உண்மையில் செல்வம் படைத்த மத்திய வகுப்பாரின் ஆட்சியாகவே இருந்தது. ஆண்டுக்கு 200 பிராங்க் நேர்வரி செலுத்தும் ஆடவர்க்கே வாக்குரிமை என்று 1831ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், 3 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுள் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்கே அவ்வுரிமை கிடைத்தது. லியோன் நகரத்துச் சுவர்க்காகிதத் தயாரிப்பாளரின் மகனான ஷார்ல் பிலிப்போன், தம் மைத்துனர் ஓபேர் என்பவருடன் கூடி, வேரோ-தொதா என்ற கண்ணாடிக் கூரை வேய்ந்த கடைவீதியில் 1829இல் ஒரு சித்திரக் கடை திறந்து, 1830 நவம்பரில் 'லா காரிகாத்தூர்' என்ற வாரப் பத்திரிகையையும், 1832 டிசம்பரில் 'ஷாரிவாரி' என்ற தினப் பத்திரிகையையும் தொடங்கினார். நாள்தோறும் ஒரு புதிய சித்திரம் என்னும் பிரதிக்ஞை அக்காலத்தில் எவரும் நினைத்தும் பாராத சாகசம்.

புதிய அரசு பத்திரிகைச் சுதந்திரத்தை வாக்களித்துப் பிறந்தது. ஆனால் வாக்கு நெடுநாள் நிற்கவில்லை. அரசரை அவமதித்ததாக 1831 நவம்பர் 14ஆம் நாள் நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்ட பிலிப்போன், அரசருடைய முகம் நான்கு படிகளில் ஒரு பேரிக்காயாக மாறுவதை நீதிபதிகளின் முன்னிலையில் வரைந்துகாட்டி, ஒற்றுமை இருப்பதாலேயே ஒரு கோடு குற்றமாகுமானால் நாட்டிலுள்ள பேரிக்காய்களையெல்லாம் தண்டிக்கவேண்டியிருக்கும் என்று வாதித்தார். தண்டனை பெற்றார், பேரிக்காயோ நாடெங்கும் சுவர்களில் ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில், மார்ஸேல் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளியின் மகனான ஒனோரே தொமியே என்ற இருபத்துமூன்று வயது இளைஞர், ஏழைகள் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டும் வரிப்பணத்தை விழுங்கும் பூதமாக அரசரை வரைந்தார். அதற்குப் பரிசாக ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் கிடைத்தன. அவர் அடைபட்ட செந்த் பெலாழி சிறைச்சாலையில் பத்திரிகையாளர்களும் குடியரசுவாதிகளும் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள்.

1835 ஜூலை 28ஆம் நாள், தாம்ப்ல் பெருவீதியில் அரசருடைய பவனியின்மீது பியெஸ்கி என்பவன் பல துப்பாக்கிக் குழல்களை ஒன்றாய்ப் பிணைத்த யந்திரத்தால் சுட்டான்; அரசர் தப்பினார், உடன்வந்தவர் பலர் மாண்டனர். அந்தப் பீதியைத் துணைக்கொண்டு செப்டம்பரில் நிறைவேற்றப்பட்ட சட்டங்கள், எந்தச் சித்திரமும் கல்லச்சும் அரசாங்கத்தின் முன் அனுமதியின்றி வெளிவரலாகாது என்று விதித்தன. எழுத்துக்கு முன் அனுமதி வேண்டாம், சித்திரத்துக்கு வேண்டும் என்ற இந்தப் பேதத்துக்கு அரசாங்கத்தார் கூறிய காரணம் கருதத்தக்கது: எழுத்து அபிப்பிராயத்தைத் தெரிவிப்பது, சித்திரம் கண்ணோடு பேசிக் கூட்டத்தைக் கிளர்த்தும் செயலுக்கு ஒப்பானது என்றார்கள். அடக்கவந்தவர்களே இக்கலையின் ஆற்றலுக்கு அளித்த நற்சாட்சிப் பத்திரம் என்று இதனைக் கொள்வதில் தவறில்லை. 'லா காரிகாத்தூர்' சட்டம் வருமுன்பே மூடப்பட்டது. 'ஷாரிவாரி' நிலைத்தது; ஆனால் அரசர், மந்திரி, சபை ஆகிய எதையும் தொடமுடியாத நிலையில், நாள்தோறும் ஒரு படம் வேண்டுமே!

ஆகவே அப்பத்திரிகையின் ஓவியர்கள் சிங்காசனத்திலிருந்து பார்வையைத் திருப்பி, சிங்காசனத்தைத் தாங்கிநின்ற வகுப்பாரை நோக்கினார்கள். மோனியேயும் கிராண்விலும் முன்னரே இவ்வழியில் நடந்தவர்களாதலால், சட்டமே இந்தக் கலையைப் பிறப்பித்தது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் அரசியலின் கடுங்கோபத்தில் புடமிடப்பட்ட கைகள் குடும்பக் கூடத்துக்குள்ளும் கச்சேரிக்குள்ளும் பங்கு வியாபாரச் சாலைக்குள்ளும் நுழைந்தமையால், முன்பு ஆடைகளைப் பற்றிய வேடிக்கையாக இருந்தது சமூகத்தின் விசாரணையாக உயர்ந்தது. இந்த உயர்வுக்கு முதற் சான்று, 1836 முதல் 1838 வரையில் தொமியே வரைந்து வெளிவந்த நூறு படங்கள் கொண்ட ரொபேர் மக்கேர் தொடராகும். மக்கேர் என்பவன் 1823ஆம் ஆண்டு நாடகமொன்றில் வந்த கொள்ளைக்காரன். பிரெதெரிக் லெமேத்ர் என்ற நடிகர் அவனைச் சிரிப்பூட்டும் வஞ்சகனாக மாற்றி நடித்துப் பெரும் புகழ்பெற, அந்நாடகம் பிறகு தடை செய்யப்பட்டது. மேடையில் தடுக்கப்பட்டவனைப் பிலிப்போன் கல்லுக்குக் கொண்டுவந்தார். அக்காலத்தில் பங்கு சேர்த்து நடத்தும் கம்பெனிகள் மழைக்காலத்துக் காளான்களைப்போல முளைத்து, முதல் போட்டவர்களை ஏமாற்றி மறைந்துகொண்டிருந்தன. முதற் படத்தில் மக்கேர் தன் எலும்பும் தோலுமான தோழன் பெர்த்ரானிடம், கோடானுகோடி மூலதனத்தில் ஒரு பாங்கு தொடங்குவோம் என்கிறான். காவலர் வருவார்களே என்று அவன் அஞ்ச, கோடீசுவரனை யாராவது கைது செய்வார்களா என்று கேட்கிறான். பின்வரும் படங்களில் அவனே வக்கீல், அவனே வைத்தியன், அவனே பத்திரிகாசிரியன், அவனே கல்யாணத் தரகன். வேஷம் மாறுகிறது, பருத்த வயிறும் சாய்த்த தொப்பியும் மாறவில்லை. ஒரு தனி மனிதனைக் குறிக்காமல் ஒரு காலத்தின் குற்றத்தையே ஒரு முகமாகச் சமைத்துக் காட்டிய இந்தச் சாதனைக்கு இணையாக அந்நூற்றாண்டின் சித்திரங்களில் வேறொன்றை நான் அறியேன்.

தொமியே தம் ஆயுளில் வரைந்த கல்லச்சுகள் ஏறக்குறைய 4000. அவற்றுள், சிறுவயதில் கோர்ட்டு அமீனா ஒருவரிடம் ஏவலாளாக இருந்து கண்டவற்றை நெஞ்சில் தேக்கிவைத்து, 1845 முதல் வரைந்த நீதித்துறைப் படங்கள் என்றும் வாடாதவை. ஒரு படத்தில், வழக்கிழந்து கண்ணீரோடு நிற்கும் பெண்ணிடம் அவளுடைய வக்கீல், வழக்குப் போனாலும் என் வாதத்தைக் கேட்டு நீ இன்புற்றிருப்பாயே என்ற பொருளில் பேசுகிறார். கறுப்பு அங்கியின் மடிப்புகளும், பாதி மூடிய இமையும், வெறுங்கையின் விரிந்த விரல்களும் சேர்ந்து, அந்தத் தொழிலின் ஆணவத்தை விளக்கிவிடுகின்றன. சேன் நதியில் மிதக்கும் குளிப்பு மடங்களில் ஆடை களைந்த கனவான்கள், தம் அந்தஸ்தெல்லாம் ஆணியில் தொங்க, ஒட்டிய மார்பும் உப்பிய வயிறுமாக நடுங்கிக்கொண்டு நிற்கும் தொடர் ஒன்று. வாடகைக்காரனும் வீட்டுக்காரனும் மாடிப்படியில் மோதும் தொடர் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கிராமப்புறம் சென்று மழையில் நனைந்து திரும்பும் நல்ல குடும்பஸ்தர்களின் தொடர் ஒன்று. இக்குடும்பஸ்தர்களிடத்தில் தொமியேக்கு வெறுப்பில்லை. அவருடைய சினம் வக்கீலுக்கும் வஞ்சகனுக்கும் உரியது. உறங்கும் கணவன்மேலும் தைக்கும் மனைவிமேலும் அவர் மைக்கோல் கனிவோடுதான் படிகிறது.

அவரோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டவர், பைரனீஸ் மலைப்பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரைத் தழுவிக் கவார்னி என்று புனைபெயர் கொண்ட ஷெவாலியே. நவநாகரிக உடைகளை வரையும் வேலையில் தொடங்கி, சொந்தப் பத்திரிகை நடத்திக் கடன்பட்டுச் சிறை சென்றவர். பிற்பாடு கிளிஷி கடனாளிச் சிறையையே ஒரு சித்திரத் தொடராக்கினார். நோத்ர் தாம் தெ லொரேத் என்ற கோவிலைச் சுற்றிய புதிய குடியிருப்புகளில், செல்வர்களின் தயவில் வாழ்ந்த இளம் பெண்களைப் பற்றி 1841 முதல் 1843 வரை இவர் வரைந்தவை ஒருபுறம். வந்த விருந்தினரிடம் வீட்டு ரகசியத்தைக் களங்கமின்றிச் சொல்லிவிடும் குழந்தைகளைப் பற்றியவை ஒருபுறம். கார்னிவல் இரவுகளின் முகமூடி நடனங்கள் ஒருபுறம். பட்டின் சலசலப்பைக் கல்லில் எழுப்ப இவரைப்போல் வல்லவர் இலர். தொமியேயின் படங்களுக்குக் கீழ்க்குறிப்பைப் பெரும்பாலும் பத்திரிகையிலுள்ளோரே எழுத, கவார்னி தம் வாசகங்களைத் தாமே எழுதினார். அதனால் அவர் படம் ஒரு சிறுகதையைப் போன்றது. தொமியேயின் படமோ குறிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் பேசும். கவிஞர் போத்லேர் 1857இல் வெளியிட்ட கட்டுரையில் தொமியேயை நவீனக் கலையின் முக்கிய புருஷர்களுள் ஒருவராக வைத்தமை எவ்வளவு நியாயமானது என்பதை, இருவர் படங்களையும் அருகருகே வைத்துக் காண்போர் உணர்வர்.

இச்சித்திரங்களைச் சரித்திர சாட்சியாகக் கொள்ளுமிடத்து, எவர் எவரைப் பார்த்துச் சிரித்தனர் என்பதையும் மறவாது கேட்கவேண்டும். 'லா காரிகாத்தூர்' பத்திரிகையின் வருஷ சந்தா 52 பிராங்க். தொழிலாளி தொடக்கூடிய தொகையன்று அது. காப்பிக் கடைகளிலும் வாசகசாலைகளிலும் பலர் படித்தாலும், பணம் கொடுத்தவர் கேலி செய்யப்பட்ட அதே வகுப்பினர்தாம். தம்மைத் தாமே பார்த்து நகைக்கும் பெருந்தன்மை அவர்களுக்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் தம்மினும் எளியவரை நகைக்கும் சிறுமையும் இருந்தது. கூனனான மயே என்ற பாத்திரத்தை வைத்து ஓவியர் திராவியேஸ் வரைந்த படங்களில் அங்கஹீனமே ஹாஸ்யமாகிறது. 1844இல் தொமியே, நூல் எழுதும் பெண்களைப் பற்றி நாற்பது படங்கள் வரைந்தார். தாய் மேஜையின்மேல் குனிந்து காவியம் எழுத, குழந்தை நீர்த்தொட்டியில் தலைகீழாக விழுந்து கிடக்கிறது! நாவலாசிரியை ழார்ழ் ஸாந்த் போன்ற மேதை வாழ்ந்த நாட்டில், பெண் பேனா பிடித்தால் குடும்பம் கெடும் என்ற பழைய பயத்துக்கு அத்துணைப் பெரிய கலைஞர் தம் கையைக் கொடுத்தது வருந்தத்தக்கது. கோட்டின் அழகு அக்குற்றத்தை நீக்கிவிடாது.

இந்தக் கலையின் கீர்த்தி பிரான்சோடு நிற்கவில்லை. 1841இல் லண்டனில் தோன்றிய 'பஞ்ச்' பத்திரிகை, 'லண்டன் ஷாரிவாரி' என்ற உபநாமத்தைத் தன் தலைப்பில் தரித்தது. அந்தப் 'பஞ்ச்' பத்திரிகையைப் பார்த்து 1877இல் லக்னோவில் 'அவத் பஞ்ச்' பிறந்தது. பாரதியார் 1906 முதல் சென்னையிலும், 1908இல் அடைக்கலம் தேடிச் சென்ற பிரெஞ்சுப் புதுச்சேரியிலும் நடத்திய 'இந்தியா' பத்திரிகையில் கேலிச்சித்திரங்களைத் தவறாது வெளியிட்டது இந்த நீண்ட மரபின் ஒரு கிளையே.

பிரான்சில் 1848ஆம் ஆண்டுப் புரட்சி சித்திரங்களின் விலங்கைத் தறித்தது. மூன்றாம் நெப்போலியன் அதிகாரத்தைக் கைப்பற்றியதும் 1852 பிப்ரவரியில் முன் அனுமதி விதி மீண்டும் வந்தது. மறுபடியும் குடும்ப வாழ்வும் நாகரிக விசித்திரங்களுமே புகலிடம் ஆயின. வாயிற்படியில் நுழையாத அளவுக்கு விரிந்த கம்பிப் பாவாடைகள், பாரிஸைப் புதுப்பித்த அதிகாரி ஓஸ்மான் இடித்துத் தள்ளிய வீதிகள், ரயில் வண்டியில் நெருங்கும் பிரயாணிகள், பலூனில் ஏறிப் புகைப்படம் எடுக்கும் நதார் ஆகியவை இக்காலத்துப் பொருள்கள். ஷாம் என்ற பெயரில் எழுதிய நோவே பிரபுவின் மகன், வேகமும் வேடிக்கையும் நிறைந்த சிறு படங்களால் பக்கங்களை நிரப்பினார். அவரிடம் சுறுசுறுப்பு உண்டு, ஆழம் இல்லை. 1860இல் 'ஷாரிவாரி' தொமியேயை விலக்கி, 1863இல் திரும்ப அழைத்துக்கொண்டது. பார்வை மங்கி, வால்மொந்துவா கிராமத்தில் ஓவியர் கொரோ உதவிய சிறு வீட்டில் வாழ்ந்த அவருக்காக, 1878இல் நண்பர்கள் பாரிஸில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். எழுத்தாளர் விக்தர் ஊகோ கௌரவத் தலைவராக இருந்தும் போட்ட செலவு திரும்பவில்லை.

பிலிப்போன் 1862இலும், கவார்னி 1866இலும், மோனியே 1877இலும், தொமியேயும் ஷாமும் 1879இலும் காலமானார்கள். சித்திரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற விதியை அடியோடு நீக்கிய பத்திரிகைச் சட்டம் பிரான்சில் 1881 ஜூலை 29ஆம் நாள் நிறைவேறியது. அவர்களுள் ஒருவரும் அந்நாளைக் காணவில்லை.